ஆடாத பேனலும் ஐந்தாவது வரியும்

அந்த ஐப்பசியில் எட்டு நாள் விடாமல் அடித்த மழை, ஒன்பதாம் நாள் காலையில் கொஞ்சம் ஓய்ந்தது. பத்து மணி இருக்கும். பென்னலூரில் எங்கள் கதவுப் பட்டறை வாசலில் ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து நின்றது.

தார்ப்பாயை விலக்கினால் உள்ளே கதவுகள். எல்லாம் நாங்கள் செய்தவை. சித்திரையில் மாலை போடாத குறையாக வழியனுப்பி வைத்தவை, ஆறு மாதத்தில் புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தன.

"எங்க எறக்கட்டும்?" என்று டிரைவர் கேட்டார்.

பட்டறையின் முதலாளி கஸ்தூரி அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முதல் கதவைத் தொட்டுப் பார்த்தார். மூலையில் இரண்டு சட்டங்கள் கூடும் இடம் ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்கு வாயைத் திறந்திருந்தது. நடுப் பலகை சப்பாத்தி உப்பியதுபோல் வயிற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. மொத்தம் பன்னிரண்டு கதவுகள். பன்னிரண்டும் அப்படித்தான்.

"இன்னா ராணி இது?" என்றார் அக்கா.

என்னைத்தான் கேட்டார். நான்தான் அங்கே செக்கிங். என் பச்சை ஸ்டிக்கர் இல்லாமல் ஒரு கதவும் அந்த ஷெட்டைத் தாண்டியதில்லை.

மரம் இழைக்கும் ரவுட்டர் மிஷின் பக்கத்தில் நின்ற தனபால் அண்ணன் கதவுகளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, மேசை மேல் கிடந்த மரத்தூளை பிரஷ்ஷால் கூட்ட ஆரம்பித்தார். கூட்ட வேண்டிய அளவுக்கு அங்கே தூளே இல்லை. அவர் ஏன் அப்படிக் கூட்டினார் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

கம்பெனிப் புத்தி

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் விளாத்திகுளம் பக்கத்துக்காரி. டிப்ளமோ முடித்த கையோடு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் வந்து, எட்டு வருஷம் குவாலிட்டியில் நின்றவள். ஹாஸ்டலில் ஒரே அறையில் ஆறு பேர். மூன்று ஷிப்டுக்கும் ஆள் இருந்ததால் எங்கள் அறையில் கட்டில் சூடு ஆறியதே இல்லை.

அந்த எட்டு வருஷத்தில் கம்பெனி எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: ஆடினால் ரிஜெக்ட். கையில் பீஸை எடுத்து, காதோரம் வைத்து, மூன்று தரம் குலுக்க வேண்டும். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டால் சிவப்புப் பெட்டி. அவ்வளவுதான்.

இது ரத்தத்தில் ஊறிவிட்டது. ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி ஆடினால் மடித்த டிக்கெட்டைச் செருகுவேன். ஹாஸ்டல் சாப்பாட்டு மேசையின் கால் ஆடினால், நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குனிந்து அட்டை வைப்பேன். "இவளுக்கு மாப்பிள்ளை பார்த்தா மொதல்ல அவரைக் குலுக்கிப் பார்ப்பா" என்று அறைத்தோழிகள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. அவர்களில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், அந்தச் சிரிப்பை நான் இன்றும் தேடுகிறேன் என்று தெரிந்துகொள்ளட்டும்.

கொரோனா முடிந்து முகக்கவசங்கள் எல்லோருக்கும் தாடைக்கு இறங்கியிருந்த காலத்தில் என் ஒப்பந்தமும் முடிந்தது. ஊருக்குப் போக மனமில்லை. கஸ்தூரி அக்கா அப்போதுதான் பட்டறையை விரிவுபடுத்தியிருந்தார். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். கணவர் கம்பெனி வேன் ஓட்டப் போய்விட, கதவுத் தொழிலை முழுக்க இவரே பார்த்தார். "கம்பெனில செக்கிங் பண்ணவளா? வா வா. இங்க அளவுன்னா இன்னான்னே ஒருத்தனுக்கும் தெர்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

சேர்ந்த மூன்றே மாதத்தில் கோணல் கதவு, உயரம் குறைந்த கதவு என்ற புகார்கள் நின்றன. அக்கா பட்டறையின் பெயர்ப் பலகையில் 'கம்பெனி குவாலிட்டி' என்று எழுதிவைத்தார். எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே ராணி சொன்னா நான் சொன்ன மாதிரி" என்றும் சொல்லிவிட்டார். என் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

வேம்பின் கசப்பு

அந்தப் பட்டறையின் பெருமையே பேனல் கதவுதான். நடுவில் மேடாக நின்று, நான்கு பக்கமும் சரிந்து, ஓரத்தில் மெல்லிய நாக்காக முடியும் பலகைக்குத்தான் நாங்கள் பேனல் என்போம். சுற்றிலும் வரும் சட்டங்களில் காடி என்ற நீளப் பள்ளம் வெட்டியிருக்கும். பலகையின் நாக்கு அந்தக் காடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அதை மிஷினில் இழைக்கும் அழகைத் தனபால் அண்ணனிடம்தான் பார்க்க வேண்டும். மணிமங்கலத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அவ்வளவே. அவரும் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் தகடு அடிக்கும் பிரஸ் மிஷின் ஓட்டிவிட்டு வந்தவர்தான்.

மேசைக்கு அடியில் ரவுட்டர் தலைகீழாகத் தொங்கும். மேசை நடுவே உள்ள ஓட்டை வழியாக, இரண்டு பக்கமும் இறக்கை வைத்த பெரிய வெட்டுப் பிட்டு மேலே தலைநீட்டும். அவ்வளவு பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார். ஒரே தடவையில் சரிவு முழுவதையும் எடுக்க மாட்டார். முதலில் பிட்டைக் கொஞ்சமாக உயர்த்தி ஒரு ஓட்டு. பிறகு இன்னும் கொஞ்சம். நான்காவது ஐந்தாவது ஓட்டில்தான் சரிவு முழுசாகத் தெரியும். கடைசி ஓட்டு சும்மா தடவிக்கொடுப்பதுபோல் இருக்கும்.

எப்போதும் குறுக்குப் பக்கத்தைத்தான் முதலில் ஓட்டுவார். மர ரேகையைக் குறுக்கே வெட்டும்போது முனையில் சிராய் பிய்த்துக்கொண்டு வரும். அடுத்து நெடுக்குப் பக்கத்தை ஓட்டும்போது அந்தப் பிய்ந்த இடமும் சேர்ந்து வெட்டுப்பட்டுப் போய்விடும். கை பலகையைத் தொடாது. கைப்பிடி வைத்த தள்ளுகட்டையால்தான் தள்ளுவார்.

தேக்கு, வேங்கை, வேம்பு என்று மரத்துக்கு மரம் வாசனை மாறும். வேம்பு ஓடுகிற அன்று உதட்டை நக்கினால் கசக்கும். மதியம் டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தை வாயில் வைத்தால் அதுவும் கசக்கும். சாயங்காலம் அறைக்குப் போய்த் தலையை உதறினால் தோளெல்லாம் மஞ்சள் தூள். இன்று அந்த ஷெட் இருந்த இடத்தில் டயர் குடோன் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் என் நாக்கில் அந்தக் கசப்பு வந்துவிட்டுப் போகிறது, அதைத் துப்பத் தோன்றியதே இல்லை.

இழைத்து முடித்த பேனலை வாசலில் சாய்த்து வைத்தால், காலை வெயில் சரிவில் பட்டு ஓரமெல்லாம் ஒரு நிழல் கோடு விழும். தட்டைப் பலகைக்கு இல்லாத கம்பீரம் அந்தக் கோட்டால்தான் வருகிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது எதையாவது சாக்கு வைத்து வாசல் பக்கம் போய் அதைப் பார்த்துவிட்டு வருவேன்.

குலுக்கினேன், சத்தம் வந்தது

பன்னிரண்டு கதவு ஆர்டர் ஒரு பில்டரிடமிருந்து வந்தது. மண்ணூர் பக்கம் வரிசை வீடுகள். பட்ஜெட்டுக்கு வேம்பு. சித்திரை வெயில், மரம் முறுக்காகக் காய்ந்திருந்தது.

முதல் கதவைச் சட்டம் சேர்த்துப் பூட்டி நிறுத்தினார்கள். நான் போய் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினேன். 'டொக் டொக்' என்றது. காடிக்குள் பேனல் ஆடியது. நேராகச் சிவப்புச் சீட்டை ஒட்டினேன்.

தனபால் அண்ணன் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு வந்தார். "இன்னாம்மா, எதுக்கு செவப்பு?"

"பேனல் ஆடுதுண்ணே."

"அது ஆடணும். ரெண்டு பக்கமும் ஒரு தீக்குச்சி கனத்துக்கு எடம் வுட்டுக்கிறேன். மழை வந்தா பலகை அகலத்துல ஊதும். எங்க போவும் அது?"

"ஆடுன பீஸ் வெளிய போச்சுன்னா எங்க கம்பெனியில லைனையே நிறுத்திருவாக. இடைவெளியே இருக்கக் கூடாது. காடிக்குள்ள பசையும் விட்டு ஒட்டிருங்க."

"ஒட்றதா? ராணி, சட்டத்த ஒட்டலாம். நடுப் பலகைய ஒட்டக் கூடாது. அது தகரம் இல்ல, மரம்."

எனக்கு அந்த 'தகரம்' சுருக்கென்றது. எல்லோர் முன்னாலும் என் எட்டு வருஷத்தைத் தகரம் என்று சொன்னதாகப் பட்டது. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். "அக்கா என்ன சொல்லியிருக்காகன்னு உங்களுக்குத் தெரியும்லா" என்றேன்.

அவர் பஞ்சை மறுபடி காதில் செருகிக்கொண்டார். "சரிம்மா. அளவு சொல்லு" என்றார்.

சொன்னேன். மயிரிழை இடம் விடாமல் பன்னிரண்டு கதவுக்கும் பேனல் வெட்டி, பசை விட்டு, இறுக்கிக் கொடுத்தார். குலுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி நின்றன. ஒவ்வொன்றுக்கும் பச்சை ஸ்டிக்கரை ஒட்டும்போது எனக்கு இருந்த பூரிப்பை இன்று நினைத்தால் காது சூடாகிறது.

ஏன், ஏன், ஏன்

கம்பெனியில் நான் கற்றுக்கொண்டு வந்த இன்னொரு சரக்கு ஒய்-ஒய் ஃபாரம். பீஸ் கெட்டுப்போனால் அதை நிரப்ப வேண்டும். ஏன் கெட்டது? அதற்கு ஒரு பதில். அது ஏன்? அதற்கு ஒரு பதில். இப்படி ஐந்து தரம் 'ஏன்' கேட்டால் ஆணிவேர் கிடைத்துவிடும் என்பது சாஸ்திரம்.

நடைமுறை வேறு. நான் பார்த்த ஃபாரங்களில் முதல் நாலு வரி எப்படிப் போனாலும் ஐந்தாவது வரி ஒன்றேதான்: 'ஆபரேட்டர் கவனக்குறைவு. பயிற்சி அளிக்கப்பட்டது.' கீழே ஆபரேட்டர் கையெழுத்து. அந்தப் பயிற்சி என்பது சூப்பர்வைசர் முன்னால் பத்து நிமிஷம் தலைகுனிந்து நிற்பது. வரைபடத்தில் தப்பு என்றோ, செக்கிங்கில் தப்பு என்றோ முடிந்த ஒரு ஃபாரத்தையும் நான் கண்டதில்லை.

இந்தச் சரக்கையும் பட்டறைக்குக் கொண்டுவந்தவள் நான்தான்.

குட்டி யானை வந்து நின்ற அன்று, அதன் பின்னாலேயே பைக்கில் பில்டரின் சைட் இன்ஜினியர் வந்து இறங்கினார். பன்னிரண்டு வீட்டிலும் வாசல் கதவு சாத்த முடியவில்லையாம். ஒரு வீட்டில் பிரிட்ஜை நகர்த்தி முட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கினார்களாம். அவரும் கம்பெனியிலிருந்து வந்தவர்தான் என்பது அடுத்த வார்த்தையில் தெரிந்தது. "சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒய்-ஒய் வேணும். யாரு பண்ணதோ அந்த ஆளு இனிமே எங்க கதவைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா ஃபாரத்தை என் முன்னால் வைத்தார்.

கதவை ஏன் சாத்த முடியவில்லை? சட்டம் விலகியதால். சட்டம் ஏன் விலகியது? பேனல் ஊதித் தள்ளியதால். ஊதிய பேனல் ஏன் தள்ளியது? காடிக்குள் இடைவெளி இல்லாததால். இடைவெளி ஏன் இல்லை? பேனல் பெரிதாக வெட்டப்பட்டதால்.

ஐந்தாவது வரியில் பேனா நின்றது. மிஷின் எதுவும் ஓடவில்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பயந்துவிட்டேன். அதற்குமேல் அலங்காரம் எதுவும் இல்லை. மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெற்கே பஸ் ஏற வேண்டி வருமோ என்று பயந்துவிட்டேன். 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதினேன்.

அக்கா தனபால் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் வந்தார், பேனாவை வாங்கினார், நின்ற வாக்கிலேயே கையெழுத்தைப் போட்டார். "கொஞ்ச நாளைக்கு வர வேணாம் தனபாலு. அந்த இன்ஜினியர் கோவம் ஆறட்டும்" என்றார் அக்கா. கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு மழைத் தூறலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

மணிமங்கலம்

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, அறுத்தது. மறுநாள் காலையில் பட்டறை திறந்ததும் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தனபால் அண்ணன் வேண்டாம் என்றதை, நான் அடம்பிடித்ததை, பசை விடச் சொன்னதை, எதையும் விடவில்லை.

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. நல்லவேளை, முந்தின சாயங்காலம் இன்ஜினியர் வாங்க வராததால் அந்த ஃபாரம் இன்னும் அவர் கைக்குப் போகவில்லை. அதை எடுத்து என்னிடமே நீட்டினார்.

"அவன் வூட்டுக்கு நீயே போ. இட்டுனு வா. அவன் வந்தா நீயும் வா. அவன் வர்லன்னா நீயும் வராத."

ஒரகடத்தில் பஸ் மாறி, படப்பையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் மணிமங்கலம் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் ஏரி நிரம்பிக் கிடந்தது. பிளாஸ்டிக் கவரில் மடித்த ஃபாரம் என் மடியில் இருந்தது. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு யோசனையும் ஓடவில்லை.

அவர் வீட்டு வாசலில் பனியனோடு உட்கார்ந்து, மகளின் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தார். "வா ராணி" என்றார். உள்ளே திரும்பி, "தேவகி, டீ போடு. பட்டறையிலேந்து வந்துகிறாங்க" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

அந்த மரியாதை என்னைக் கொன்றது. உட்காராமல் நின்றபடியே சொன்னேன். "அண்ணே, நான் பண்ணது தப்பு. அக்காட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். வாங்க, போவோம்."

அவர் செயினிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீ எழுதுன, நான் கையெழுத்து போட்டேன். அதோட முட்ஞ்சிச்சு."

"அதுல என்ன எழுதியிருந்துதுன்னு படிச்சியளா?"

"எதுக்கு படிக்கணும்? ஆறு வருஷம் போட்டுக்கினு கீறேன். கடேசி வரில எப்பவும் நாங்கதானே."

கோபமே இல்லாமல் சொன்னார். வானிலை சொல்வதுபோல் சொன்னார். அந்த ஆறு வருஷத்தில் அவர் முன்னால் ஃபாரத்தை நீட்டியவர்களும் என்னைப்போல் செக்கிங் பெண்கள்தானே. எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. அழுகையைக் காட்டாமல் தரையில் உட்கார்ந்து, கவரிலிருந்து ஃபாரத்தை எடுத்தேன். ஐந்தாவது வரியை அடித்தேன். 'செக்கிங் தவறு. இடைவெளி விடாமல் வெட்டச் சொன்னது ராணி' என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டு அவரிடம் கொடுத்தேன்.

அவர் கிரீஸ் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு வாங்கினார். படிக்க ஆரம்பித்தார். முதல் வரியிலிருந்து விரல் வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக. தேவகி கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்தது. அவர் நிமிரவில்லை. நாலாவது வரியில் விரல் நின்றது.

"'பெரிதாக வெட்டப்பட்டதால்'னு கீது. நான் பெருசா வெட்டல. நீ சொன்ன அளவு வெட்னேன்."

"மாத்திருதேண்ணே."

மாற்றி எழுதினேன். மறுபடி வாங்கிப் பார்த்தார். இன்னும் ஏதோ குறைவதுபோல் தாளைத் திருப்பினார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது, மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

"நான் அப்பவே வேணாம்னு சொன்னேன் இல்ல. அத்தையும் எழுது."

எழுதினேன். 'வேண்டாம் என்று தனபால் முன்பே சொன்னார். செக்கிங் கேட்கவில்லை.' கட்டத்துக்குள் இடம் போதவில்லை. ஓரத்தில் வளைத்து எழுதினேன்.

அதையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, தாளை முழங்கால் மேல் வைத்து, நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஃபாரங்களை எத்தனையோ ஆபரேட்டர்கள் முன்னால் நீட்டியிருக்கிறேன். படித்துவிட்டுப் போட்ட கையெழுத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"டீய குடி" என்றார். சட்டையை எடுத்து மாட்டிக்கொள்ள உள்ளே போனார்.